நீர்ப்பிடிப்புப் பரப்பும் ஆற்று வெள்ளமும்: இரண்டு ஆனைக்கரைகளை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

ஆனைக்கரை என்னும் பெயரில் கேரள மாநிலத்தில் இரண்டு ஊர்கள் உள்ளன. ஒன்று பாலக்காடு மாவட்டத்தின் மேற்கு எல்லையில், பாரதப்புழா கடலை நெருங்கும் இடத்தில், அவ்வாற்றின் கரையை ஒட்டியது. மற்றொன்று இடுக்கி மாவட்டத்தில், குமுளிக்கு வடக்கே ஏலமலையின் முகட்டுப் பகுதியில், தமிழக எல்லைக்கு அணித்தாக அமைந்தது. கொள்ளிடத்தின் குறுக்கே ஆர்தர் காட்டன் கட்டிய கீழணையால் பெயர் பெற்ற அணைக்கரையோடு இப்பெயர் எழுத்தில் மயங்குவதுண்டு. அவ்வூர் இங்குப் பேசப்படவில்லை.

இவ்விரண்டு ஊர்களும் நீரியல் நோக்கில் இரு துருவங்கள். பாலக்காட்டு ஆனைக்கரைக்கு மேலே ஆயிரக்கணக்கான சதுர கிலோமீட்டர் நிலம் தன் மழைநீரை ஆற்றில் இறக்குகிறது. இடுக்கி ஆனைக்கரையோ நீர் பிரியும் இடத்தில் நிற்கிறது. அதன் மேற்குச் சரிவில் விழும் மழை பெரியாற்றுக்குச் செல்கிறது. கிழக்கே செல்லார்கோவில் விளிம்பைத் தாண்டி விழும் மழை கம்பம் பள்ளத்தாக்கில் இறங்கி வைகைப் படுகையைச் சேர்கிறது. ஓர் ஆற்றில் எவ்வளவு நீர் வரும், அது எவ்வளவு அகலமான பாதையைக் கேட்கும் என்பதை அந்த ஆற்றுக்கு மேலுள்ள நிலத்தின் பரப்பைக் கொண்டே கணித்துவிட முடியுமா என்ற வினா, சென்னை மாகாணத்துப் பொறியாளர்களை 19ஆம் நூற்றாண்டு முழுவதும் துரத்திய வினாவாகும். அதற்கு அவர்கள் கண்ட விடையின் வரலாற்றையும், மலைமுகட்டைத் தாண்டியபோது அவ்விடைக்கு நேர்ந்ததையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கல்வெட்டில் ஆற்றின் நீளம்

ஏரி வெட்டுவோர் வரத்தை முன்கூட்டியே மதிப்பிட்டாக வேண்டும். வரத்து குறைந்தால் ஆயக்கட்டு காயும்; மிகுந்தால் கரை உடையும். இம்மதிப்பீடு பெரும்பாலும் எழுதப்படாத அறிவாகவே இருந்தது. எழுதப்பட்ட அரிய சான்றுகளுள் ஒன்று, கடப்பைப் பகுதியிலுள்ள போருமாமிள்ளை ஏரிக் கல்வெட்டு. விசயநகர மன்னர் முதலாம் புக்கரின் மகன் பாஸ்கரர் கட்டிய ஏரியைப் பற்றிய இவ்வடமொழிச் சாசனம் 1369ஆம் ஆண்டைச் சேர்ந்தது. நல்ல ஏரிக்குரிய பன்னிரண்டு உறுப்புகளையும், தவிர்க்க வேண்டிய ஆறு குற்றங்களையும் அது வரிசைப்படுத்துகிறது. ஏரிக்கு நீர் தரும் ஆறு மூன்று யோசனை நீளம் உடையதாக இருத்தல் வேண்டும் என்பது அவ்வுறுப்புகளுள் ஒன்று. நிலவரைபடம் இல்லாத காலத்தில் பரப்பை அளப்பது அரிது. ஆற்றின் நீளத்தை நடந்தே அளந்துவிடலாம். எனவே நீளம் பரப்புக்குப் பதிலாக நின்றது எனக் கொள்ளுதல் பொருந்தும்.

குற்றங்களின் பட்டியல் இன்னும் கூர்மையானது. நீர் குறைந்து நிலம் மிகுதல் ஒரு குற்றம். நீர் மிகுந்து நிலம் குறைதல் மற்றொரு குற்றம். இரண்டும் வரத்தைத் தவறாகக் கணித்ததன் விளைவுகளே. இவற்றோடு, இரண்டு அரசுகளின் எல்லையில் ஏரி அமைதலும் ஒரு குற்றமாக எண்ணப்பட்டுள்ளது. ஐந்து நூற்றாண்டுகளுக்குப் பின் பெரியாற்றில் எழப்போகும் வழக்கை அறியாத ஒருவர் பொறித்த வரி அது.

சென்னை மாகாணத்துச் சூத்திரம்

1876 முதல் 1878 வரை நீடித்த பெரும் பஞ்சத்திற்குப் பின், சென்னை மாகாண அரசு பாசன ஏரிகளின் நிலையை ஒழுங்காக ஆராயத் தலைப்பட்டது. 1883இல் ஏரிச் சீரமைப்புத் திட்டம் தொடங்கப்பட்டது. ஆற்றுப் படுகை வாரியாக ஒவ்வோர் ஏரியும் அளக்கப்பட்டது. அதன் கொள்ளளவு, ஆயக்கட்டு, மதகு, கலிங்கு ஆகியவை பதிவு செய்யப்பட்டன. ஆயிரக்கணக்கான ஏரிகளுக்குக் கலிங்கின் நீளத்தை முடிவு செய்தாக வேண்டும். ஓடைகளில் நீரளவு எடுத்த ஏடுகளோ இல்லை. கையில் இருந்தது நில அளவைப் படம் மட்டுமே. படத்தில் பரப்பை அளக்கலாம். பரப்பிலிருந்து வெள்ளத்தைக் கணிக்க ஒரு வழி தேவைப்பட்டது.

வங்காளத்தில் டிக்கன்ஸ் என்னும் பொறியாளர் 1865இல் ஒரு வழி கண்டிருந்தார். சதுர மைலில் அளந்த பரப்பை முக்கால் அடுக்குக்கு உயர்த்தி 825 என்னும் மாறிலியால் பெருக்கினால், வினாடிக்கு எத்தனை கன அடி வெள்ளம் வரும் என்பது கிட்டும் என்றார் அவர். சென்னை மாகாணத்தின் நிலைக்கு ஏற்ப 1884இல் ரைவ்ஸ் இதனை மாற்றி அமைத்தார். அவருடைய சூத்திரத்தில் அடுக்கு மூன்றில் இரண்டு. பரப்பின் கனமூலத்தைக் கண்டு, அதனை வர்க்கமாக்கி, மாறிலியால் பெருக்க வேண்டும். கடற்கரையிலிருந்து 15 மைலுக்குள் உள்ள பகுதிக்கு மாறிலி 450. 15 முதல் 100 மைல் வரை 563. மலையை ஒட்டிய சிறு பகுதிகளுக்கு 675. பெரியாற்று நீரைக் கிழக்கே திருப்பும் திட்டத்தை 1867இல் முன்வைத்தவர் பெயரும் மேஜர் ரைவ்ஸ் என்பதே. இருவரையும் ஒருவராகக் கொள்ளப் பெயரொற்றுமை மட்டும் போதாது.

அடுக்கு ஏன் ஒன்றுக்குக் குறைவாக உள்ளது? பரப்பு இரு மடங்கானால் வெள்ளமும் இரு மடங்காக வேண்டாவா என்று கேட்கலாம். பெருமழை ஒரே வேளையில் ஒரு பெரும்பரப்பு முழுவதும் ஒரே கடுமையோடு பெய்வதில்லை. அருகில் விழுந்த நீர் கடந்து சென்ற பின்னரே தொலைவில் விழுந்த நீர் வந்து சேர்கிறது. இடையிலுள்ள பள்ளங்களும் வயல்களும் ஒரு பகுதியைத் தேக்கிக் கொள்கின்றன. ஆகவே பரப்பு பெருகப் பெருக, ஒரு சதுர மைலுக்கு வரும் உச்ச வெள்ளம் குறைந்துகொண்டே போகிறது. ஒரு சதுர மைலுக்கு 563 கன அடி என்றால், எட்டுச் சதுர மைலுக்கு 2,252 கன அடி. பரப்பு எட்டு மடங்கு, வெள்ளம் நான்கு மடங்கு.

அடுக்கு எங்கும் ஏறத்தாழ ஒன்றே. ஊருக்கு ஊர் மாறுவது மாறிலிதான். மழையின் கடுமை, மண்ணின் தன்மை, சரிவு, காடு, ஏரி என அனைத்தும் அந்த ஒற்றை எண்ணுக்குள் அடைக்கப்பட்டுள்ளன. மாறிலி என்று பெயர் பெற்றதே சூத்திரத்தில் மிகுதியாக மாறக்கூடியது என்பது ஒரு முரண்.

தொடர் ஏரிகளின் கழித்தல் கணக்கு

ரைவ்ஸ் சூத்திரம் தமிழ் நிலத்தில் பிறந்தது என்பதற்கு அதன் திருந்திய வடிவமே சான்று. தமிழக ஏரிகள் தனித்து நிற்பவை அல்ல. மேலேரி நிரம்பிக் கலிங்கு வழிந்தால், அந்நீர் போக்குக்காலின் வழியே கீழேரிக்கு வரத்தாகிறது. ஆகவே ஓர் ஏரிக்கு மேலுள்ள நிலம் முழுவதும் அதற்கு நேரே நீர் தருவதில்லை. ஒரு பகுதி மேலேரிகளால் முன்பே மறிக்கப்பட்டிருக்கிறது. சென்னைப் பொறியாளர்கள் மொத்தப் பரப்புக்குரிய வெள்ளத்திலிருந்து, மறிக்கப்பட்ட பரப்புக்குரிய ஒரு தொகையைக் கழித்தனர். கழித்தலுக்குரிய மாறிலி, முதல் மாறிலியில் ஐந்தில் ஒன்று முதல் மூன்றில் ஒன்று வரை.

ஓர் எடுத்துக்காட்டு. மொத்த நீர்ப்பிடிப்பு 27 சதுர மைல். அதில் 8 சதுர மைல் மேலேரிகளால் மறிக்கப்பட்டது. மாறிலி 563 எனில் மொத்த வெள்ளம் 5,067 கன அடி. கழித்தல் மாறிலியை நான்கில் ஒன்றாகக் கொண்டால் கழிவு 563 கன அடி. எஞ்சிய 4,504 கன அடிக்குக் கலிங்கு அமைத்தால் போதும். மறிக்கப்பட்ட பரப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காக இருந்தும், கழிப்பதோ ஒன்பதில் ஒரு பங்குதான். மேலேரி நிரம்பிய பின் அது வெள்ளத்தைத் தடுக்காது, தாமதப்படுத்தவே செய்யும் என்பதை அறிந்தவர்களின் எச்சரிக்கை இது. மேலேரியின் கரை உடைந்தால் என்ன ஆகும் என்பதற்கு இச்சூத்திரத்தில் இடமில்லை. தொடரில் ஓர் ஏரி உடைந்தால் அடுத்தடுத்த ஏரிகளும் உடைவதைத் தமிழக ஊர்கள் நன்கறியும்.

வாய்க்காலின் அகலம்

வரும் நீரைக் கணித்த பின் அதற்குரிய பாதையைக் கணிக்க வேண்டும். பஞ்சாபின் மேல்பாரி தோவாபுக் கால்வாயை ஆராய்ந்து கென்னடி 1895இல் வெளியிட்ட முடிவுகளும், வண்டல் நிலக் கால்வாய்களைப் பற்றி 1930இல் லேசி வெளியிட்ட முடிவுகளும் இத்துறையில் அடிப்படையானவை. தன் மண்ணிலேயே ஓடும் வாய்க்கால், காலப்போக்கில் தனக்குரிய அகலத்தைத் தானே அமைத்துக் கொள்கிறது என்பது லேசியின் கருத்து. நீரளவின் வர்க்கமூலத்தை 2.67ஆல் பெருக்கினால் நனைந்த விளிம்பின் நீளம் அடியில் கிட்டும். அகன்ற வாய்க்காலில் இது ஏறத்தாழ அகலமே. மேற்கண்ட ஒரு சதுர மைல் ஓடைக்கு 63 அடி. எட்டுச் சதுர மைல் ஓடைக்கு 127 அடி. பரப்பு எட்டு மடங்கானால் வெள்ளம் நான்கு மடங்கு, அகலம் இரு மடங்கு. 1953இல் அமெரிக்க அறிஞர்களான லியோபோல்டும் மேடக்கும் இயற்கை ஆறுகளை அளந்து கண்டதும் இதை ஒட்டியதே: அகலம் நீரளவின் ஏறத்தாழ அரை அடுக்கில் வளர்கிறது. பாறையில் ஓடும் மலையோடைக்கு இது பொருந்தாது. தன் கரையைத் தானே செதுக்கிக்கொள்ளும் உரிமை அதற்கில்லை.

பெரியாற்றில் சூத்திரம்

இதுவரை கண்டவை ஏரி நிலத்தின் கணக்குகள். மலைமுகட்டின் மறுபுறம் நிலை வேறு. இடுக்கி ஆனைக்கரைக்குத் தெற்கே, குமுளிக்கு அப்பால் விரிந்து கிடப்பது பெரியாற்று நீர்த்தேக்கம். மேற்கே ஓடும் நீரைக் கிழக்கே திருப்பும் எண்ணம் பழையது. இராமநாதபுரம் அரசின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே இதனை ஆராயச் செய்தார் என்பர். 1808இல் ஆராய்ந்த கேப்டன் கால்டுவெல், நடவாத காரியம் என்று அறிக்கை அளித்தார். 1886 அக்டோபர் 29இல் திருவிதாங்கூர் அரசோடு 999 ஆண்டுக் குத்தகை கையெழுத்தானது. எண்ணாயிரம் ஏக்கருக்கு ஏக்கர் ஒன்றுக்கு ஐந்து ரூபாய் வீதம் ஆண்டு வாடகை. பென்னிகுயிக் தலைமையில் 1887இல் தொடங்கிய பணியில், ஆற்று வெள்ளம் தற்காலிகத் தடுப்புகளை மீண்டும் மீண்டும் அடித்துச் சென்றது. 1895 அக்டோபரில் ஆளுநர் வென்லாக் அணையைத் திறந்து வைத்தார். அப்போது வழிந்தோடியில் 36 அடி அகலமும் 16 அடி உயரமும் உடைய பத்துக் கண்கள் இருந்தன.

அணைக்கு மேலுள்ள நீர்ப்பிடிப்புப் பரப்பு 624 சதுர கிலோமீட்டர். அதாவது 241 சதுர மைல். சென்னைச் சூத்திரத்தை அதன் மிகப்பெரிய மாறிலியாகிய 675ஐக் கொண்டு இங்குப் பொருத்திப் பார்த்தால், வினாடிக்கு ஏறத்தாழ 26,100 கன அடி வருகிறது. டிக்கன்ஸ் சூத்திரம் 50,500 கன அடி தருகிறது. ஒரே நிலம், ஒரே பரப்பு. விடைகளோ ஒன்று மற்றொன்றைப் போல் இரு மடங்கு. இவ்வணைக்கு நிகழக்கூடிய உச்ச வெள்ளமாக உச்ச நீதிமன்ற வழக்கில் உயர்மட்டக் குழு ஏற்ற அளவு 2,12,000 கன அடி. இது ரைவ்ஸ் கணக்கைப் போல் எட்டு மடங்கு.

இவ்வொப்பீட்டில் நடுநிலை வேண்டும். நிகழக்கூடிய உச்ச வெள்ளம் என்பது, இயற்கை தரத்தக்க மிகக் கடுமையான மழையைக் கருதிக் கணிக்கப்படுவது, ஆண்டுதோறும் வருவதன்று. ரைவ்ஸ் கண்டதோ தம் காலத்துக் கட்டடங்களுக்கு வேண்டிய வெள்ளம். ஆயினும் இடைவெளி பெரியது. ஒரு சதுர மைல் முழுவதும் ஒரு மணிக்கு ஓர் அங்குலம் மழை பெய்து அனைத்தும் ஓடினால் வினாடிக்கு 645 கன அடி வரும். இதனைக் கொண்டு பார்த்தால், ரைவ்ஸ் கணக்கு மணிக்கு ஓர் அங்குலத்தில் ஆறில் ஒரு பங்கு நீர் ஓடியதற்குச் சமம். உயர்மட்டக் குழு ஏற்ற அளவு மணிக்கு ஒன்றேகால் அங்குலத்திற்கும் மேல். தென்மேற்குப் பருவமழையை நேரே எதிர்கொள்ளும் சரிவில் எது நம்பத்தக்கது என்பதை அம்மழையில் நனைந்தவர் அறிவர்.

பிற்காலப் பாடநூல்கள் இக்குறையை உணர்ந்தே எழுதின. மெட்ரிக் அளவில் 6.8, 8.5, 10.2 என மாறிலிகளைத் தந்தபின், மிகக் கொடிய வெள்ளங்களில் 40 வரை கண்டதுண்டு என்று சேர்த்தன. 40ஐக் கொண்டாலும் பெரியாற்றுக்கு ஒரு லட்சத்து மூவாயிரம் கன அடியே கிட்டும். பத்து முதல் நாற்பது வரை நீளும் ஓர் எண்ணை மாறிலி என்பதைவிட, அறியாமையின் அளவு என்பதே பொருத்தம்.

1979 ஆகஸ்டு 11இல் குஜராத்தில் மச்சு ஆற்றின் இரண்டாம் அணை உடைந்து மோர்வி நகரம் அழிந்தது. வழிந்தோடியின் திறனை மிஞ்சிய வெள்ளமே காரணம். அதன் அதிர்ச்சி பெரியாறு வரை எட்டியது. அவ்வாண்டு இறுதியில் நீர்மட்டம் 136 அடிக்குக் குறைக்கப்பட்டது, அணை வலுப்படுத்தப்பட்டது, பின்னர் 40 அடி அகலமுள்ள மூன்று கண்கள் கூடுதலாக அமைக்கப்பட்டன. 2006இலும் 2014 மே 7இலும் உச்ச நீதிமன்றம் 142 அடிக்கு இசைவளித்தது. உயர்மட்டக் குழுவின் கணக்குப்படி, 2,12,000 கன அடி வந்தாலும் நீர்த்தேக்கம் ஒரு பகுதியைத் தாங்கிக்கொள்ள, பதின்மூன்று கண்களின் வழியே வெளியேறும் உச்சம் 1,43,143 கன அடி. நீர்மட்டம் சிறிது நேரம் 153.47 அடியைத் தொடும். கேரளம் வேறு கணிப்புகளை முன்வைத்து இதனை மறுத்தது. அணைக்குக் கீழே வாழ்வோரின் அச்சமும், தேனி முதல் இராமநாதபுரம் வரை ஐந்து மாவட்டங்களின் பாசனமும் ஒரே எண்ணின் இரு புறத்தே நிற்கின்றன. இரு தரப்பும் வாதிட்டது பரப்பைப் பற்றி அன்று. 624 சதுர கிலோமீட்டரில் எவ்வளவு மழை, எவ்வளவு நேரத்தில் என்பதைப் பற்றியே.

பாரதப்புழாவில்

பாலக்காட்டு ஆனைக்கரை 1956 வரை சென்னை மாகாணத்து மலபார் மாவட்டத்திற்கு உட்பட்டிருந்தது. ஆட்சி முறையில் ரைவ்ஸ் சூத்திரத்தின் எல்லைக்குள் இருந்த ஊர் அது. இடுக்கி ஆனைக்கரையோ திருவிதாங்கூரில் இருந்தது. ஆயினும் கடற்கரைக்கு அருகே மாறிலி குறைவு என்னும் விதி கிழக்குக் கரைக்கு உரியது. மலபாரில் கடலும் மலையும் அருகருகே உள்ளன. பருவமழை கடலிலிருந்தே ஏறி வருகிறது.

பாரதப்புழாவின் மொத்தப் படுகை 6,186 சதுர கிலோமீட்டர். இதில் 1,786 சதுர கிலோமீட்டர் தமிழகத்தில், ஆனைமலையிலும் பொள்ளாச்சிப் பகுதியிலும் உள்ளது. பெரியாற்றின் மொத்தப் படுகை 5,398 சதுர கிலோமீட்டரே. பரப்பை மட்டும் நோக்கினால் பாரதப்புழாவே பெரிது. ஆனால் ஆண்டு முழுவதும் கடலுக்கு மிகுதியான நீர் கொணர்வது பெரியாறு. பாலக்காட்டுக் கணவாயின் கிழக்குப் பகுதி மழைமறைவில் உள்ளது. சித்தூர் வட்டத்தின் வறட்சி அதற்குச் சான்று. மேலும் பரம்பிக்குளம் ஆழியாறு திட்டமும் மலம்புழா முதலிய அணைகளும் நீரைப் பல திசைகளில் பிரிக்கின்றன. வரைபடத்தில் ஆற்றுக்கு உரிய பரப்பு ஒன்று. நடைமுறையில் அதற்கு நீர் தரும் பரப்பு வேறு. வைகையிலும் இதுவே நிகழ்ந்தது, எதிர்த்திசையில். பெரியாற்றுச் சுரங்கத்தின் வழியே வரும் நீரைப் பெறும் வைரவனாற்றின் அகலத்தை, அதன் சொந்த நீர்ப்பிடிப்பைக் கொண்டு யாரும் விளக்கிவிட முடியாது.

ரைவ்ஸ் சூத்திரத்தை 10.2 என்னும் மாறிலியோடு பாரதப்புழாவின் முழுப் படுகைக்கும் பொருத்தினால் வினாடிக்கு ஏறத்தாழ 3,440 கன மீட்டர் வெள்ளம் கிட்டுகிறது. அதன் பத்தில் ஒரு பங்கு பரப்பே உடைய பெரியாற்று அணைக்கு ஏற்கப்பட்ட 2,12,000 கன அடி என்பது ஏறத்தாழ 6,000 கன மீட்டர். இவ்விரண்டு எண்களையும் அருகருகே வைத்தால், பரப்பு என்பது வினாவின் பாதி மட்டுமே என்பது புலனாகும்.

பாலக்காட்டு ஆனைக்கரை ஊராட்சிக்கு உட்பட்ட கும்பிடியில் மத்திய நீர்வள ஆணையத்தின் நீரளவு நிலையம் உள்ளது. அங்கு ஆற்றின் நீர் நேரே அளக்கப்படுகிறது, சூத்திரத்திற்குத் தேவையில்லை. இடுக்கி ஆனைக்கரையைச் சூழ்ந்த ஏலத்தோட்டங்களினூடே இறங்கும் சிற்றோடைகளைப் போன்றவற்றுக்கு இவ்வசதி கிட்டுவது அரிது. அவற்றின் குறுக்கே சாலைப் பாலம் அமைக்க, இந்தியச் சாலைகள் பேரவையின் சிறுபால வழிகாட்டி நூல் இன்றும் டிக்கன்ஸ், ரைவ்ஸ் சூத்திரங்களைத் தருகிறது. ஆனால் அவற்றை மட்டும் நம்ப அது விடுவதில்லை. மழையைக் கொண்டும், ஓடையின் குறுக்குவெட்டையும் சரிவையும் கொண்டும் தனித்தனியே கணிக்கச் சொல்கிறது. கிடைத்த அளவுகளுள் பெரியதைக் கொள்ள வேண்டும். அது அடுத்த பெரிய அளவை ஒன்றரை மடங்குக்கு மேல் மிஞ்சினால் ஒன்றரை மடங்கோடு நிறுத்த வேண்டும். ஓடையில் உச்ச வெள்ளம் ஏறிய மட்டத்தை, அவ்விடத்து அடையாளங்களைப் பார்த்தும் ஊராரைக் கேட்டும் அறிய வேண்டும் என்பதும் அதன் விதி. 1924 சூலையில் மூணாற்றை அழித்த வெள்ளத்தைக் கொல்லம் ஆண்டு 1099ஐக் கொண்டு 'தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்' என்றே மலைநாட்டார் வழங்கினர். 2018 ஆகஸ்டுக்குப் பின், சுவர்களில் அதற்கான புதிய கோடுகள் கிடைத்துள்ளன.